எங்கள் வீட்டு எதிரணி

ஜூன் 3, செவ்வாய்

பள்ளிக்கூடப் பைகளை மொத்தமாக எடுத்ததற்காகப் பை கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமும் காலியாகக் கிடந்தது. உலகு ஊருக்குக் கிளம்பும்போது இதை என் கையில் திணித்து, "கடைக்கு வாரவங்ககிட்ட எல்லாம் சொல்லுதத இதுல எழுதுங்க, ஊருக்காவது நிம்மதி" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினாள்.

உலகு என்கிற உலகம்மாள் என் மனைவி. அஞ்சல் துறையில் பதவி உயர்வு கொடுத்து, நீலகிரியில் கூடலூருக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு வருஷம் அங்கே ஓட்டிவிட்டால் இந்தப் பக்கம் மாற்றல் கேட்கலாமாம். பேருந்து கண்ணுக்கு மறையும்வரை நின்றேன். பேருந்து நிலையத்தில் தூசி அதிகம். கண்ணெல்லாம் எரிந்தது.

ஆக, தென்காசி வீட்டில் இப்போது நானும் ஒன்பது வயது மகள் செண்பகாவும்தான். என் பெயர் திருமலைக்குமார். பகலில் குடை, பை வியாபாரம். சாயங்காலங்களில் பட்டிமன்றப் பேச்சாளர். நோட்டீஸில் 'நகைச்சுவைத் தென்றல்' என்று போடுவார்கள். என் சுற்றளவுக்குத் தென்றல் பொருந்தாது, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று போடச் சொல்லுங்கள் என்பது உலகின் கருத்து.

சாரல் தொடங்கிவிட்டது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மாவு சலித்த மாதிரி நீர் இறங்குகிறது. காலையில் மலை இருந்த இடத்தில் மலை இல்லை. குற்றாலத்துக்குப் போகிற கூட்டம் முழுக்க என் கடையைத் தாண்டித்தான் போகிறது. ஒருத்தரும் குடை வாங்குவதில்லை. நனைவதற்கென்றே பணம் கட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் குடை விற்க உட்கார்ந்திருக்கும் அறிவாளி நான்.

ஜூன் 5, வியாழன்

செண்பகாவுக்கு இரட்டைப் பின்னல் போட்டேன். ஒன்று கிழக்கே பார்த்தது, இன்னொன்று மேற்கே. பக்கத்து வீட்டு ஷரிபா அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, புள்ள தலையில டிவி ஆன்டெனாவா மாட்டியிருக்க?" என்றாள்.

பூக்காரம்மா வழக்கம்போல ஒரு முழம் பூவைக் கதவுக் கம்பியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். வேண்டாம் என்று சொல்ல மறந்துபோச்சு.

ஜூன் 9, திங்கள்

உலகு ஒரு கட்டுரை அனுப்பியிருந்தாள். பிள்ளைகளின் மனநலத்தை வீட்டிலேயே பேணுவது எப்படி. தினமும் கொஞ்ச நேரம் பிள்ளையின் கண்ணைப் பார்த்து மனம்விட்டுப் பேச வேண்டுமாம். சரி என்று காலையில் இட்லித் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து செண்பகாவின் கண்ணைப் பார்த்தேன். அவள் இட்லியைப் பார்த்தாள். சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டேன். "ம்." வருத்தமாக இருக்கிறாயா? "ம்." இரண்டுக்கும் ஒரே 'ம்'. கட்டுரை எழுதினவருக்குப் பிள்ளை இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

தலை பின்னும்போதுதான் வழி கிடைத்தது. அப்போது அவள் முதுகு என் பக்கம், முகம் ஜன்னல் பக்கம். கண்ணைப் பார்க்கிற வேலையே இல்லை. நேற்று ஒரு கனவு கண்டேன் என்று அளந்துவிட்டேன். ஐந்தருவியில் தண்ணீருக்குப் பதில் ரசம் கொட்டுகிறது, ஊரே தட்டில் சோற்றோடு வரிசையில் நிற்கிறது. அவள் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிப்புதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. நல்ல கனவு கண்டால் மூடி வைக்க வேண்டும். கெட்ட கனவு கண்டால் விடிந்ததும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட்டால் பலிக்காது. இனி தினமும் பின்னல் போடும்போது கெட்ட கனவுகளைக் கழித்துக் கட்டுவோம் என்று சட்டம் போட்டேன்.

"சொல்லிட்டா நெசமாவே பலிக்காதா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். பள்ளி வேன் வந்த பிறகு படியில் ஏறப் போனவள் திரும்பி வந்து இன்னொரு தடவை கேட்டாள். அப்போதும் ஆமாம் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

முதல் கனவு வந்துவிட்டது. எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் ஆறு ஓடுகிறதாம். நானும் அவளும் இந்தக் கரை. அடுப்படி அந்தக் கரை. அங்கே அம்மா நின்று கூப்பிடுகிறாள். தண்ணீர் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை.

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஆனா எனக்கு நீச்சல் தெரியாதே."

பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் விசாரித்ததில் மூன்று ஆசிரியர்களின் எண் கிடைத்தது. கூடவே, அதில் ஒருவருக்கே நீச்சல் தெரியாது என்கிற செய்தியும்.

உலகு சாயங்காலம் கூப்பிட்டாள். வீட்டுக்குள் சிக்னல் வராது. மொட்டை மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால்தான் குரல் வரும். சாரல் உள்ளே அடிக்குமே என்றுதான் கதவைச் சாத்துவது. அவள் பக்கம் மேகம், என் பக்கம் மேகம். ரெண்டு மேகங்களுக்கு நடுவே, அரிசி தீர்ந்துவிட்டதா, கரண்ட் பில் கட்டியாச்சா என்று பேசினோம். கீழே இறங்கினால் செண்பகா கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். இந்த மாதம் அம்மாவுக்கு லீவு இல்லை என்றேன். "தெரியும்" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

இலஞ்சிப் பக்கம் ஒரு அம்மன் கோவில் கொடை விழா. பட்டிமன்றம். தலைப்பு: 'குடும்பத்தில் நிம்மதி மிகுந்திருப்பது மனைவி வீட்டில் இருக்கும்போதா, ஊருக்குப் போயிருக்கும்போதா?' ஊருக்குப் போயிருக்கும்போதே என்பது என் அணி. சொந்த அனுபவம் உள்ளவன் என்று நடுவர் பேராசிரியர் வெள்ளைத்துரை சபைக்கு அறிமுகம் செய்தபோதே கைதட்டல். எதிரணியில் ஜெபசெல்வி டீச்சர். புள்ளிவிவரத்தோடு பேசுவார், பாவம். கொடைக்கு வந்த கூட்டம் புள்ளிவிவரத்துக்கா வந்தது?

நான் எழுந்து, "என் சம்சாரம் கூடலூருக்குப் போயிட்டாய்யா. பஸ் கெளம்புத வரைக்கும் நின்னு அழுதேன். கண்டக்டர் கேட்டாரு, பிரிவு தாங்கலையா அண்ணாச்சின்னு. இல்லப்பா, வண்டி ரிப்பேராயி நின்னுருமோன்னு பயமா இருக்குன்னேன்" என்றேன். பந்தல் கிழிந்தது. கிழிந்த பந்தலைத் தைக்க விடாமல் அடுத்தடுத்து விட்டேன். தீர்ப்பு எங்களுக்கு.

ஷரிபா அக்கா கடையநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் செண்பகாவைக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தேன். முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்திருந்தாள். தூக்கக் கலக்கம்.

ஆட்டோவில் கேட்டாள், "அந்தத் தாத்தா சொல்லுததுதான் முடிவா?"

"பின்ன? நடுவர் தீர்ப்பு சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீலே கெடையாது" என்று பெருமையாகச் சொன்னேன்.

வழியெல்லாம் ஈரக்காற்று. அவள் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. வளர்கிறாள்.

ஜூன் 20, வெள்ளி

என் தொண்டைக்கு உயிர்நாடியான பனங்கற்கண்டு டப்பாவைக் காணோம். அலமாரி, அடுப்படி, கடை எல்லாம் தேடியாயிற்று. கடையம் ஊரில் அதே தலைப்பில் பேசப் போக வேண்டிய நேரத்தில் பார்த்தால், தேய்த்து மடித்து வைத்த மேடைச் சட்டை வாளித் தண்ணீரில் மிதக்கிறது. கடைச் சட்டையோடு போய்க் கரகரத்த குரலில் பேசினேன். ஆனாலும் தீர்ப்பு நமக்கே. சபை கரகரப்பையும் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டது.

எலி என்கிறேன் நான். கண்ணேறு என்கிறாள் ஷரிபா அக்கா. எலி டப்பாவைத் தூக்கும், சரி, சட்டையை நனைக்குமா என்று செண்பகாவிடம் கேட்டேன். "நனைக்கும்" என்றாள், தீர்மானமாக.

ஜூன் 23, திங்கள்

வயிற்று வலி. போன திங்களும் இதே வயிற்று வலி. ஓமத் தண்ணீர் கொடுத்தேன்.

கனவு: ஒரு மினிபஸ். அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பவே மாட்டேன் என்கிறாள். பஸ் நிறைய ஆட்கள், எல்லாரும் சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று இவள் கேட்டால் இன்னும் சிரிக்கிறார்கள். பஸ் சக்கரம் தரையில் படவில்லை, பஞ்சு மாதிரி போகிறது.

அருமையான கற்பனை வளம். அப்பனைக் கொண்டிருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

கட்டிலில் முதுகு வலிக்கிறது என்று கொஞ்ச நாளாகக் கூடத்து சோபாவில்தான் படுக்கிறேன். சோபாவிலும் வலிக்கிறது. பூ வாடிப்போனதைக் காலையில் எடுத்துப் போட்டேன். பூக்காரம்மா புதுசு மாட்டியிருக்கிறாள்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று சொன்ன கனவை எழுதாமல் இருக்க முடியாது. ஒரு பெரிய மைதானம், நிறையப் பேர். அம்மா நடுவில் நிற்கிறாள். எல்லாரும் கை தட்டுகிறார்கள். தட்டத் தட்ட அம்மா சின்னதாகிக்கொண்டே வருகிறாள். முதலில் செண்பகா உயரம், அப்புறம் பொம்மை உயரம், அப்புறம் தீப்பெட்டிக்குள் வைக்கிற அளவு. தட்டாதீங்க என்று செண்பகா சொன்னால் கேட்கவில்லை. கடைசியில் அம்மாவை உள்ளங்கையில் எடுத்து மூடிக்கொண்டாளாம். விழித்துக் கையைத் திறந்தால் ஈரம்.

சீப்பைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மலை மெல்ல வந்து, பார்த்துவிட்டுப் போய்விட்டது. முப்பது வருஷமாக மேடையில் கத்துகிறவனுக்கு இப்படி ஒன்று வாயில் வந்ததில்லை.

ஜூலை 6, ஞாயிறு

செங்கோட்டை, வியாபாரிகள் சங்க விழா. பெரிய கூட்டம். என் பழைய சரக்குகளை அந்த ஊர் ஏற்கனவே கேட்டிருந்தது. பாதியில் கூட்டம் செல்போனைத் தடவ ஆரம்பித்தது. அந்த நேரத்தில் என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. "எம்மக ஒரு கனவு கண்டாய்யா. எல்லாரும் கை தட்டத் தட்ட அவ அம்மா சின்னதாயிட்டே வாராளாம். நான் சொன்னேன், ஆகா, நல்ல வைத்தியமா இருக்கே. ஐயா, உங்க காலைத் தொட்டுக் கேக்கேன், எனக்காக இன்னுங் கொஞ்சம் ஓங்கித் தட்டுங்க."

தட்டினார்கள். அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. எழுந்து நின்று தட்டினார்கள். செண்பகா முன்வரிசையில் இருந்தாள். அவளைப் பெருமையோடு கை காட்டினேன். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்துத் தட்டினார்கள்.

ஜூலை 7, திங்கள்

கனவு வரவில்லையாம்.

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் இல்லை. ரசம் கொட்டுகிற அருவியை மறுபடி இறக்கிப் பார்த்தேன். தோள் அசையவில்லை.

ஜூலை 11, வெள்ளி

பின்னலுக்கு வகிடு எடுக்கும்போது வலது காதுக்குப் பின்னால் சீப்பு வழுக்கிக்கொண்டு போனது. நாணய அளவுக்கு முடியே இல்லை. வெறும் தோல், வழவழவென்று. எத்தனை நாளாக? தினமும் பின்னுகிற எனக்குத் தெரியவில்லை. புழுவெட்டுதான், சின்ன வெங்காயத்தைத் தட்டித் தேய் என்றாள் ஷரிபா அக்கா. தேய்த்தேன். கண்ணில் நீர் வந்தது. வெங்காயம்.

உலகுக்குச் சொல்லவில்லை. தூரத்தில் இருப்பவளைக் கலவரப்படுத்துவானேன்.

ஜூலை 15, செவ்வாய்

திங்கள்கிழமை வயிற்று வலி செவ்வாய்க்கும் நீண்டுவிட்டதால் டாக்டரிடம் போனோம். அந்தம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், காதுக்குப் பின்னால் விளக்கடித்துப் பார்த்தார். செண்பகாவை வெளியே மீன் தொட்டி பார்க்க அனுப்பிவிட்டு, "வயித்துல நோய் ஒண்ணும் இல்ல. ஆனா வலி நிஜம்தான், நடிக்கல" என்றார். "இது புழுவெட்டும் இல்ல சார். முடி உதிரல, பிடுங்கப்பட்டிருக்கு. பாப்பாவே பிடுங்குது. தெரிஞ்சு செய்யல, திட்டாதீங்க. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"எங்க வீட்டுல சிரிப்புக்குப் பஞ்சமே கெடையாது டாக்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் சரக்கு எடுபடாத முதல் சபை அது.

வெளியே வந்தபோது செண்பகா தொட்டியில் முகத்தை ஒட்டி வைத்து நின்றிருந்தாள். பச்சை வெளிச்சத்தில் மீன்கள் அவள் முகத்துக்குள்ளே நீந்திப் போகிற மாதிரி இருந்தது. கூப்பிட்டேன். கேட்கவில்லை.

ஜூலை 16, புதன்

சுரண்டையில் அதே தலைப்பில் பேச்சு. முன்பணம் வாங்கியாயிற்று, போகாமல் முடியாது. செண்பகாவும் வந்தாள். தீர்ப்பு நமக்கே. முன்வரிசையில் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தாள், நான் பேசி முடிக்கிற வரைக்கும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. மத்தியானம் ஜெபசெல்வி டீச்சர் கடைக்கு வந்தார். சாரலில் நனைந்த தலையோடு வந்தவருக்கு ஒரு குடையை விரித்துக் காட்டினேன். மடக்குங்க என்றார்.

"அண்ணாச்சி, ஒரு விஷயம். சிரிக்காமக் கேக்கணும்."

நேற்றுச் சுரண்டையில், மேடைக்குப் பின்னால் டீச்சர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது செண்பகா வந்து சேலையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

"என்ன கேட்டா தெரியுமா? 'நீங்கதானே எங்க அம்மா கட்சி? இன்னுங் கொஞ்சம் நல்லாப் பேசுங்க டீச்சர். நீங்க ஜெயிச்சாத்தான எங்க அம்மா வீட்டுக்கு வர முடியும்' அப்படிங்கா. நானும் முதல்ல சிரிச்சிட்டேன் அண்ணாச்சி. வீட்டுக்குப் போயி கை கழுவும்போதுதான் சுருக்குன்னுச்சு. அந்தப் புள்ள கண்ண மூடி உக்காந்திருந்தது தூக்கத்துல இல்ல. நான் ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டிருந்திருக்கு."

நான் குடையை மடக்கினேன். மறுபடி விரித்தேன். டீச்சர் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார், புள்ளிவிவரம் எதுவும் இல்லை. அவர் போன பிறகு, கடைக்கு வந்த யாரிடமும் நான் எதுவும் பேசவில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் கவலைப்பட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் செண்பகாவின் புத்தகப் பையில் நாளைய பாடவேளைக்குப் புத்தகம் அடுக்கும்போது, அடியில் பனங்கற்கண்டு டப்பா இருந்தது. ஒரு கட்டிகூடக் குறையவில்லை. எலி தின்பதற்காக எடுக்கவில்லை.

அப்படியானால் ஒவ்வொரு மேடையிலும் எங்கள் வீட்டு வழக்குதான் நடந்துகொண்டிருந்திருக்கிறது. நான் ஒவ்வொன்றிலும் ஜெயித்திருக்கிறேன்.

ஜூலை 19, சனி

அதெல்லாம் சும்மா விளையாட்டு என்று நேற்றும் இன்றும் சொல்லிப் பார்த்தேன். பட்டிமன்றம் என்றால் என்ன, தலைப்பை யார் கொடுக்கிறார்கள், அணி எப்படிப் பிரிக்கிறார்கள் என்று விளக்கினேன். அடுத்த மாதம் என்னையே எதிரணியில் போட்டால் மனைவிதான் தெய்வம் என்று பேசுவேன் என்றேன்.

"ரெண்டும் பேசுவீங்களா?"

"ரெண்டும் பேசுவேன்."

"அப்ப எது நெசம்?"

எனக்கு ஒரு நல்ல நகைச்சுவைப் பதில் வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன். தொண்டையில் இன்னும் நிற்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

பள்ளி இல்லை. அவசரம் இல்லாத பின்னல். வெளியே வெள்ளை வெயிலும் சாரலும் ஒரே நேரத்தில். எதிர் வீட்டு ஓட்டிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அவள் முதுகு என் பக்கம். காதுக்குப் பின்னால் அந்த இடத்தில் என் கை பட்டதும் குறுகினாள். கையை எடுத்துவிட்டேன்.

"எனக்கு அம்மாவத் தேடுது" என்றேன். இருபது வருஷத்தில் இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, உலகிடம்கூட.

"ஜோக் சொல்லாதீங்க."

"ஜோக் இல்ல."

"அப்ப ஏன் அங்க போயி அப்படிச் சொன்னீங்க?"

"சிரிப்பாங்கன்னு சொன்னேன்."

"அம்மா போனதுக்கா சிரிக்காங்க?"

ஜன்னல் கம்பியில் நின்ற நீர்த்துளிகளை ஒவ்வொன்றாக விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டே பேசினாள். குரல் எங்கோ வெளியிலிருந்து, அந்த ஆவிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "கெட்ட கனவச் சொன்னா பலிக்காதுன்னீங்க. நான் உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன். நீங்க அங்க சொல்லவும் எல்லாரும் தட்டிட்டாங்க. தட்டுனாத்தான் அம்மா சின்னதாயிருவா. நீங்கதான் தட்டச் சொன்னீங்க."

பின்னலை நான் விட்டுவிட்டேன். அது தானாகப் பிரிந்து தோளில் விழுந்தது. நான் செய்தது தப்பு என்று சொன்னேன். அவளுடைய கனவை எடுத்தது தப்பு, அம்மாவைச் சொன்னது தப்பு. அம்மா போனது வேலைக்கு. எந்தத் தாத்தாவும் தீர்ப்பு சொல்லி அம்மாவை நிறுத்தவும் முடியாது, வர வைக்கவும் முடியாது. இதை எல்லாம் எவ்வளவு அலங்காரம் இல்லாமல் சொன்னேன் என்றால், மேடையில் இப்படிப் பேசியிருந்தால் அடுத்த ஊரில் கூப்பிட மாட்டார்கள்.

தோளில் விழுந்த முடியைப் பின்னால் தள்ளிவிட்டு, "அம்மாதான் இல்லையே, பூ யாருக்கு வாங்குதீங்க?" என்றாள்.

இதையும் உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பூக்காரம்மாகிட்ட, அம்மா வீட்டுல இல்ல, பூ வேண்டாம்னு சொல்லணும். எனக்குச் சொல்ல வரல தாயி. தெனமும் நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

அவள் திரும்பினாள். என் முகத்தை அப்படி ஒரு ஆராய்ச்சியோடு பார்த்தாள், கடையில் குடைக் கம்பியைச் சோதிக்கிறவர்கள் மாதிரி. பிறகு என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். கட்டுரைக்காரர் சொன்ன கண்ணைப் பார்த்துப் பேசுவது அப்போதுதான் நடந்தது. பேச்சுத்தான் இல்லை.

ஜூலை 21, திங்கள்

இனி மாடிக்கு நான் மட்டும் போவதில்லை. ரெண்டு பேரும் ஒரே குடைக்குள் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்று உலகிடம் பேசினோம், ஒலிபெருக்கியில் போட்டு. என் கடைக் குடைக்கு இந்த வருஷம் கிடைத்த முதல் உபயோகம்.

"அம்மா, நீ இப்ப எவ்வளவு ஒசரம் இருக்க?"

"ஏட்டி, என்ன கேள்வி இது? இந்தக் குளுருல நானே குறுகிப்போயித்தான் கெடக்கேன்" என்றாள் உலகு. நான் அவசரமாகத் தொண்டையைச் செருமினேன். அப்புறம் செண்பகாவைக் கீழே அனுப்பாமல், அவள் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். முடி, வயிற்று வலி, டப்பா, கைதட்டல். செண்பகா இடையிடையே திருத்தினாள்.

உலகு பக்கமும் மழைச் சத்தம்.

"யாரோ எடுத்துப் போட்ட அந்தச் செங்கோட்டைப் பேச்ச நானும் போன்ல பாத்தேன்" என்றாள் கடைசியில். "ஆபீஸ்ல எல்லாரும் சேந்து பாத்தாங்க. சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன்."

அதற்கு மேல் கேட்கவில்லை. சிக்னல் போய்விட்டது. போனதா, அவளே வைத்துவிட்டாளா, தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டு, ஆகஸ்ட் முதல் வாரம் லீவு கேட்கிறேன், கிடைக்காவிட்டாலும் வருகிறேன் என்றாள்.

ஜூலை 24, வியாழன்

பேராசிரியர் வெள்ளைத்துரை வீட்டுக்குப் போய், அந்தத் தலைப்பில் இனிப் பேசுவதில்லை என்றேன். ஆடி மாசம் முழுக்கக் கொடை, எல்லா ஊரும் அதையே கேட்கிறது, நீர் இல்லாவிட்டால் சபை நிற்குமாவே என்று கோபித்துக்கொண்டார். சம்சாரம் வைதாளா என்று கேட்டார். ஊரில் அப்படித்தான் பேச்சு உலவட்டும், பரவாயில்லை. என் தொப்பையைப் பற்றியோ வழுக்கையைப் பற்றியோ தலைப்பு இருந்தால் கூப்பிடுங்கள், இரண்டு அணிக்கும் நானே பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ராத்திரி தூக்கம் வரும்வரை செண்பகாவின் கை காதுப்பக்கம் போகிறது என்று டாக்டரிடம் சொன்னதற்கு, கைக்கு வேறு வேலை கொடுங்கள் என்றார். ஒரு குடைத்துணியை வெட்டி, ஓரம் சுருட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வீடு முழுக்கக் கறுப்புச் சுருள்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடியற்காலைப் பேருந்தில் உலகு வந்திறங்கினாள். பேருந்து நிலையம் முழுக்கப் பனிப்புகை மாதிரி சாரல். ஸ்வெட்டர் போட்ட ஓர் உருவம் அதற்குள்ளிருந்து மெல்லத் திரண்டு வந்தது. செண்பகா ஓடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. நிதானமாக நடந்து போய், அம்மாவின் பக்கத்தில் ஒட்டி நின்று, தன் தலைக்கு மேல் கையை வைத்து அம்மாவின் மேல் எங்கே வருகிறது என்று பார்த்தாள். தோளுக்குக் கீழே வந்தது. இன்னொரு தடவை பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கட்டிக்கொண்டாள்.

உலகு என்னைப் பார்த்து, இளைச்சிட்டீங்க என்றாள். பொய். ஆனால் நான் மறுக்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

சோபாவில் இனி முதுகு தாங்காது என்று தீர்மானித்திருக்கிறேன். அந்தப் பேச்சைப் பற்றி உலகு எதுவும் கேட்கவில்லை, நானாகத்தான் ஆரம்பித்தேன். நீளமாகப் பேசினோம். எழுதுகிற மாதிரி இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

உலகு கிளம்பினாள். செண்பகா பேருந்து நிலையத்தில் சத்தம் போட்டு அழுதாள், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கும்படி. ஒரு கண்டக்டர்கூட இறங்கி வந்து, "என்ன பாப்பா?" என்றார். சிரிக்க வைக்கத் தோதாக எத்தனையோ இருந்தன என்னிடம். ஒன்றையும் எடுக்கவில்லை. சிமெண்ட் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணும் எரிந்தது. தூசி இல்லை, மழை பெய்து அடங்கிக் கிடந்தது.

அழுது முடித்து, பசிக்குது என்றாள். ரெண்டு பேரும் புரோட்டா சாப்பிட்டோம். காதுக்குப் பின்னால் பூனை மயிர் மாதிரி முளை விட்டிருக்கிறது. டாக்டர் அவசரப்பட வேண்டாம் என்கிறார். திங்கள்கிழமை வயிற்று வலி மறுபடியும் வரலாம், வந்தால் வரட்டும், என்னிடம் சொல்லிவிட்டு வரட்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சாரல் குறைந்துகொண்டு வருகிறது. மலை இப்போது காலை முழுக்க இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பின்னும்போது, "ஒரு கனவு வந்துச்சு" என்றாள் செண்பகா.

சீப்பு பாதியில் நின்றுவிட்டது. கெட்டதா என்று கேட்டேன். கொஞ்சம் கெட்டது, கொஞ்சம் சிரிப்பு என்றாள். பிறகு திரும்பாமலே விசாரணையை ஆரம்பித்தாள்.

"மேடையில சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

"ஷரிபா பெரியம்மாகிட்ட?"

"மாட்டேன்."

"கடையில?"

இதுதான் கஷ்டம். "மாட்டேன்" என்றேன்.

"டைரியில?"

டைரி இருப்பது அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். அதிலும் மாட்டேன் என்றேன்.

சொன்னாள். பின்னல் முடிந்த பிறகும் சொன்னாள். ஓர் இடத்தில் அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து மேலே சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினாள். இன்னோர் இடத்தில் என் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்தது. இருங்க அண்ணே என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டு மிச்சத்தையும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நாலு மேடைக்குத் தாங்கும். கடையைத் திறந்து இவ்வளவு நேரம் ஆகியும் நாக்கு நுனி அரித்துக்கொண்டே இருக்கிறது. ஜெபசெல்வி டீச்சர் வந்தார், பக்கத்துக் கடைக்காரர் டீயோடு வந்தார். இரண்டு பேரிடமும் வாயைத் திறந்தேன். இரண்டு பேரிடமும் மழையைப் பற்றிப் பேசி அனுப்பினேன்.

கனவு என்னவென்றால், அது செண்பகாவுடையது.